பொட்டலத் தாள் தவளை

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள நாசி கண்டார் என்னும் குழம்புச் சோற்றுக் கடையில் பொட்டலம் கட்டுபவர் நூர்ஜான். பழுப்புத் தாளில் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, நாலே மடிப்பில் கட்டிவிடுவார். கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது. வாயும் கையைப் போலவே வேகம். வரிசையில் முந்துகிறவர்கள் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

ஆனால் காத்திருந்து சலித்த பிள்ளை ஒன்று சிணுங்கினால் போதும், அதே தாளைச் சதுரமாகக் கிழித்துத் தவளை மடிக்க ஆரம்பித்துவிடுவார். முழுதாக மடித்துத் தரமாட்டார். தவளையைத் தாவ வைக்கும் கடைசி மடிப்பைப் பிள்ளைதான் போடவேண்டும். அது அவர் வைத்த சட்டம்.

அன்று வரிசையில் நின்ற ராகினியின் ஆறு வயது மகள் அருந்ததி அந்த மடிப்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டாள். முதுகை அழுத்தியதும் தவளை பின்பக்கமாகத் தாவி வெள்ளரிக்காய்த் தட்டில் விழுந்தது. கடையே சிரித்தது. பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று.

“ரோங் லா, தப்பாப் போட்டுட்டே! குடு, அம்மா சரி பண்றேன்” என்று ராகினி கையை நீட்டினாள்.

“கைய எடும்மா! அது அவ தவளை” என்று அதட்டிய நூர்ஜான், புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அருந்ததியிடம் குனிந்தார். “பாப்பா, எப்படிப் போட்டே? எனக்குக் காட்டு.”

வரிசையில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். மூன்றாவது தடவையில்தான் அந்தத் தலைகீழ் மடிப்பு அவருக்குக் கைவந்தது.

இப்போதெல்லாம் தாளைக் கிழிப்பதற்கு முன்பே பிள்ளைகளிடம் கேட்டுவிடுகிறார்: “சாதாத் தவளை வேணுமா, அருந்ததித் தவளை வேணுமா?”