காற்று வரும் பக்கம் நின்றவர்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம், எங்கள் சங்கரன்கோவில் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது இது. அன்றைக்குக் கல்லறைத் திருநாள். கிறிஸ்தவர்கள் தங்கள் வீட்டில் இறந்துபோனவர்களின் கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி ஜெபம் பண்ணுகிற நாள். நானோ எங்கள் ஊர்க் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கடையை அடைத்துவிட்டு ரத வீதியே கதியென்று கிடக்கிறவள். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வீட்டிலேயே கீழ்ப் போர்ஷனில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். மாடியில் ஒரு இளம் கிறிஸ்தவ ஜோடி வாடகைக்கு இருந்தது. அவன் வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக். அவள் தனியாகத்தான் இருந்தாள். பொழுது போகவில்லை என்று கீழே இறங்கி வந்து, எனக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். என் வாய் கொஞ்சம் நீளம். அதற்கு ஈடுகொடுத்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அந்த வருஷம் ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வெறும் உடம்பாகத்தான் வந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அப்பா அம்மாவும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவன் அடித்துப் பிடித்து அடக்கத்துக்கு வந்தான். கையோடு திரும்பியும் போனான், லீவு அவ்வளவுதான். எங்கள் பக்கம் பெண்கள் அடக்கம் செய்யும் இடத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. அதனால் நான் தெருமுனையோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் அவனிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

“அடக்கத்தன்னைக்கு நான் கொளுத்தி வச்ச மெழுகுவர்த்தி ஆடிக்காத்துல அணைஞ்சு போச்சுக்கா. திரும்பக் கொளுத்துதேன்னு சொன்னேன். நேரமாச்சுன்னு என்னைய கார்ல ஏத்திட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அவ இருட்டுல கெடக்க மாதிரியே இருக்கு.”

கல்லறைத் திருநாள் அன்று ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பாராம். அவர் அவளிடம் வரும்போது அவள் தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி எரிய வேண்டும், அதைத் தான் வீடியோ காலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். என் வாய் சும்மா இருக்குமா? கார்த்திகைக்கு மொட்டை மாடி முழுக்க விளக்கு வைத்து ஒன்றுகூட அணையாமல் பார்த்துக்கொள்கிறவள் நான், ஒத்த மெழுகுவர்த்தி எனக்கு ஒரு விஷயமா, நீ நிம்மதியாக இரு என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “போயிட்டு வந்து தலை முழுகிட்டாச் சரியாப் போச்சு. நம்ம வீட்டுல சோறு தின்ன பிள்ளைல்லா” என்றார்.

கடையில் இருந்ததிலேயே தடித்த மெழுகுவர்த்திகளாகப் பார்த்து வாங்கினேன். காற்றை மறைக்க ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை அடிப்பக்கம் வெட்டி எடுத்துக்கொண்டேன். அது போதாதென்று ஒரு எவர்சில்வர் டம்ளர். இரண்டு தீப்பெட்டி. பைக்குள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏதோ போருக்குப் போகிறவள் மாதிரிப் புறப்பட்டேன்.

உள்ளே போகும்போது பயமாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. பிச்சிப்பூவும் செவ்வந்தியும் மணக்கிறது. எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன வெளிச்சம். நாலு நாளாக வாடைக்காற்று வேறு விடாமல் அடித்துக்கொண்டிருந்ததா, அதைச் சமாளிக்க ஆளுக்கு ஒரு ஏற்பாடு. ஒருவர் தேங்காய்ச் சிரட்டையில் மணலை நிரப்பி அதற்குள் மெழுகுவர்த்தியை ஆழமாக நட்டிருந்தார். ஒரு அம்மா பிஸ்கட் டின்னை ஒரு பக்கம் மட்டும் வெட்டிக் கூடு செய்து கொண்டுவந்திருந்தாள். இன்னொரு குடும்பம் மூன்று செங்கல்லை அடுப்புக் கூட்டுவது போல வைத்து நடுவில் கொளுத்தியிருந்தது. பழைய அரிக்கன் லாந்தரின் கண்ணாடியைக் கவிழ்த்திருந்த ஆளும் உண்டு. செத்துப்போனவர்களுக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நின்று நின்று பார்த்துக்கொண்டே போனேன்.

அவளுடைய கல்லறையைக் கண்டுபிடித்தேன். அவன் அங்கிருந்தே சொல்லிச் சொல்லிக் கட்ட வைத்திருந்தான். கறுப்பு கிரானைட், முகம் பார்க்கலாம், அத்தனை வழவழப்பு. அவளுடைய போட்டோவும் பதித்திருந்தது. என்னோடு வம்பு பேசும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஆனால் அழ நேரமில்லை, அப்போதே தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்தினேன். நின்றது. கையை எடுத்ததும் ஈரக் கல்லில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் விழுந்தது. டம்ளருக்குள் இறக்கினால் மூச்சு முட்டி அணைந்தது. கொஞ்சம் மேலே தூக்கினால் காற்று ஊதிவிட்டது. சரி, பாட்டிலைக் கவிழ்ப்போம் என்று கவிழ்த்தேன். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாட்டிலைத் தொட்டதும் அது சுருங்கி, உருகி, நாற்றம் அடித்துக்கொண்டு பூமாலைப் பக்கம் சரிந்தது. நல்லவேளை, காலால் எத்திவிட்டேன். கார்த்திகை விளக்கில் எண்ணெயும் திரியும் அகலுக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கும். இதுவோ தலையை நிமிர்த்திக்கொண்டு காற்றுக்கு நேராக நிற்கிற சாமான். அந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் அவனிடம் அவ்வளவு அளந்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் நின்றது. ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அவர்களுடைய கல்லறை வெறும் மண்மேடுதான், ஒரு மரச்சிலுவை நட்டிருந்தது. ஈர மண்ணில் குத்திய மெழுகுவர்த்திகள் ஆடாமல் நின்றன. காற்று வரும் பக்கம் அவர்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டதால் ஒன்றுகூட அணையவில்லை. சத்தமாகப் பேசிக்கொண்டும், சிறுசுகளை அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அவர்கள்மேல் எரிச்சலாக வந்தது. கொஞ்சம் தள்ளி நின்றால்தான் என்னவாம் என்று முணுமுணுத்தேன். அது அவர்கள் காதில் விழுந்ததோ என்னவோ.

ஃபாதர் எங்கள் வரிசைக்குள் வந்துவிட்டார். அதே நேரம் போன் அடித்தது. ஃபோர்மேனிடம் கெஞ்சிக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஒரு கையில் போன், ஒரு கையில் தீக்குச்சி. குச்சியை உரசினால் எரிவதற்குள் அணைகிறது. கடைசியில் ஒன்று பற்றி, திரியில் பட்டு, சுடர் எழுந்தது. “ஆங், எரியுதுக்கா” என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, வடக்கேயிருந்து வந்த காற்று அதை ஊதிவிட்டுப் போய்விட்டது. மெழுகுவர்த்தி உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. “பரவாயில்லக்கா, விடுங்க” என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு அணைந்ததையே இத்தனை மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறான், இன்றைக்கு நான் அவனுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்துக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட இளையவள், காவி நிறத்தில் நூல் சேலை கட்டியிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து தங்கள் மேட்டிலிருந்து இரண்டு கை நிறைய ஈரமான கரிசல் மண்ணை அள்ளினாள். கொண்டுவந்து அந்தக் கண்ணாடி மாதிரிக் கல்லின்மேல், தலைமாட்டில், அப்பி வைத்தாள். “கல்லு அழுக்காவுதேன்னு பாக்காதிய, கழுவிக்கிடலாம்” என்று சொல்லிக்கொண்டே மெழுகுவர்த்தியின் மேல் பாதியை ஒடித்து எறிந்துவிட்டு, குட்டையாக இருந்த துண்டை மண்ணுக்குள் அழுத்தி நட்டாள். களிமண் மாதிரிப் பிடித்துக்கொண்டது.

பிறகு திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவ்வளவுதான். அந்தக் குடும்பமே, அவளுடைய மாமியார், நாத்தனார்மார், கொழுந்தன்மார் எல்லோரும், இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வடக்குப் பக்கம் முதுகைக் கொடுத்து, தோளோடு தோள் ஒட்டி வளைந்து நின்றார்கள். பெண்கள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். சேலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவள் கீழே உட்கார்ந்து, தன் லைட்டரால் கொளுத்தினாள். சுடர் கொஞ்சம் தடுமாறி, நிமிர்ந்து, அப்படியே நின்றது.

ஃபாதர் வந்தார். ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தபோது ஒரு சொட்டு திரிக்குப் பக்கத்தில் விழுந்து சுரீர் என்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஃபாதரும்தான். சுடர் சிறுத்து, பிறகு பழையபடி எழுந்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது.

நான் போனைச் சுடருக்கு நேராகப் பிடித்திருந்தேன். திருப்பிப் பார்த்தேன், அவன் கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “பின்னால நிக்கது யாருக்கா?” என்று கேட்டான்.

யாரென்று சொல்ல? அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. “நம்ம ஆளுவதான் தம்பி” என்றேன். சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் போனை வைத்தான். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஃபாதர் அதற்குள் பக்கத்து மண்மேட்டில் ஜெபத்தை முடித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேர் அங்கே கைகூப்பி நிற்கிறார்கள், மீதிப் பேர் இன்னும் எங்கள் பக்கமே நின்று காற்றை மறைக்கிறார்கள். அந்த மேட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை. மறைப்பு விலகியதும் அவர்களுடைய மெழுகுவர்த்திகள் எல்லாம் அணைந்துவிட்டன. ஃபாதர் இருட்டில்தான் மந்திரித்துவிட்டுப் போகிறார்.

ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். மரச்சிலுவையில் மாட்டியிருந்த போட்டோவை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். வயசாளி யாரோ என்று நினைத்திருந்தேன். பார்த்தால் மீசை முறுக்கிய வாலிபன். அவளுடைய வீட்டுக்காரர். அவரும் அந்த வருஷம்தான் இறந்திருக்கிறார். அவளுக்கும் அது முதல் கல்லறைத் திருநாள். எங்களால் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஏதேதோ உளறினேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“எங்க ஆளுக்கு நாங்க இத்தன பேரு வந்து நிக்கோம். அந்தப் பிள்ளைக்கு நீங்க ஒத்த ஆளுல்லா வந்திருக்கிய” என்றாள்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், அத்தனை பேர் நடுவில் அழுதேன். பிறகு நானும் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அணைந்த திரிகளை அவளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன். என் பையில் மிச்சமிருந்த மெழுகுவர்த்திகளையும் ஒடித்துக் குட்டையாக்கி அங்கே நட்டேன். வீட்டுக்குப் போய்த் தலை முழுகினேன். நகக்கண்ணில் இருந்த கரிசல் மட்டும் இரண்டு நாள் போகவில்லை, நானும் தேய்த்துக் கழுவவில்லை.

அடுத்த வருஷம் அவனே லீவு போட்டு வந்தான். கல்லறையைக் கழுவும்போது தலைமாட்டில் கறை மாதிரி மெழுகோடு ஒட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். யாருடைய மண் என்று சொன்னேன். அதைச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவினான், அந்த இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. ராயகிரி வேன் வந்து நின்றதும் எழுந்து போய், அந்த மண்மேட்டுக்கு வடக்கே, வாடைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு வரைக்கும் என் விளக்கை மறைக்கத்தான் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பேன்; இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போய் நான் நிற்க வேண்டுமே என்பதற்காகப் பார்க்கிறேன்.