வெள்ளிக்கிழமை இரைச்சல்

கோப்பெங் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் ஐயாவு என்றால் தெரியாத ஆள் கிடையாது. அவர் பெற்றது ஐந்து. மூத்தவள் நல்லம்மாள் தாப்பாவில் வாழ்க்கைப்பட்டாள். நடு இரண்டும் சிங்கப்பூரோடு போய்விட்டன. கடைக்குட்டி சீனி சின்ன வயதிலேயே தவறிப்போனான். நான்காவதுதான் தர்மா. அவனுக்குப் பால்மரம் சீவக் கை வரவில்லை, காதுதான் வந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுவது அவன்தான். உறுமல் எந்தக் கம்பியில் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வான்.

பிறகு ஈப்போவில் மின்பொருள் தொழிற்சாலை வேலை, சரளாவோடு கல்யாணம், ஒரே மகள் துளசி.

துளசிக்குப் பதினொரு வயதில் டெங்கி வந்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டாற்போல இருந்தது. தோட்டத்தை விற்றாகிவிட்ட வருஷம் அது. கோயிலுக்கு அதுதான் கடைசித் திருவிழா. தர்மா ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போனான். மத்தியானம் சரளா போன் அடித்தாள். பிள்ளைக்குக் கைகால் சில்லிட்டுப்போகிறது, காரைக் கொண்டு வாங்க என்றாள். "வந்துக்கிட்டே இருக்கேன், ரோடு ஜாம்" என்றான் தர்மா. அப்போது அவன் ஏணி மேல் நின்றிருந்தான். இந்த உறுமலை மட்டும் நிறுத்திவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தான். நிறுத்த ஒன்றரை மணி நேரம் ஆனது. மறுநாள் விடியும்போது பிள்ளை இல்லை.

கல்யாணம் ஆகுமுன் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னித் தெய்வமாக வைத்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது அவர்கள் வழக்கம். நல்லம்மாள் துளசியின் படத்தோடு வந்தாள். "இந்த வீட்டுல படமும் வேணாம், வெளக்கும் வேணாம்" என்று தர்மா கத்தி அனுப்பிவிட்டான். துக்கம் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். துக்கம் மட்டுமா? பயம். படத்தில் அந்தக் கண்களுக்கு முன்னால் நின்றால் ஏணி மேலிருந்து சொன்ன பொய்யைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் பெயரைக்கூட அவன் வாயில் எடுக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பாட்டு கேட்கிற ஆசையில் நல்ல ஆம்பிளிபயரும் ஸ்பீக்கரும், இணையத்திலிருந்து பாட்டை இழுக்கிற பெட்டியும் வாங்கினான். மோடம் முன்கூடத்தில், பாட்டுப் பெட்டி பின் அறையில். சுவரைத் துளைக்க மனமில்லாமல், வீட்டு மின்சாரக் கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்துகிற செருகிகளை வாங்கி, கூடத்தில் ஒன்றும் அறையில் ஒன்றுமாக மாட்டினான். பாட்டு வந்தது. கூடவே பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சலும் வந்தது. மற்ற நாளில் லேசாக. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மட்டும் பலமாக.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த கஸ்பாரிடம் சொன்னான்.

"வெள்ளிக்கெழமைன்னா பேய்க்கு ஓவர்டைமா மச்சான்?"

"வெளயாடாத லா. சரளா கோயிலுக்குக் கெளம்புற நேரத்துல வருது. அவ திரும்பி வந்து கொஞ்ச நேரத்துல போயிருது."

"அப்ப ஒன் பொண்டாட்டிக்குப் பயப்படுற பேய்தான். ஒன்னய மாரியே!"

சிரித்தாலும் கஸ்பார் ஒரு நாள் முழுக்க வந்து பாடுபட்டான். மோடத்தின் மட்டமான அடாப்டரை மாற்றினான். கம்பிகளில் கறுப்புக் காந்த வளையம் மாட்டினான். பெட்டிக்குப் போகும் கடைசி ஒரு முழத்துக்குக் கண்ணாடி இழை போட்டான். அதில் வெளிச்சம் போகும், மின்சாரக் குப்பை போகாது என்றான். மற்ற நாள்களின் இரைச்சல் அடியோடு போனது.

வெள்ளிக்கிழமை வந்தது. சரளா பூவோடு படியிறங்கினாள். அவள் கேட்டைத் தாண்டுமுன்பே அது வந்துவிட்டது. கரண்டு வழியாக ஆம்பிளிபயருக்குள்ளேயே ஏறியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அடங்கியிருந்ததால் தனியாகத் தெரிந்தது. குளிரில் பல் அடித்துக்கொள்வது போல ஒரு சத்தம். தர்மாவுக்கு அந்த நடுக்கம் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுக் கஸ்பாருக்குப் போன் அடித்தான்.

"ஒரு சின்ன ரேடியோவ எடு" என்றான் கஸ்பார் போனில். "முள்ள ஸ்டேஷன் இல்லாத எடத்துல வச்சுக்கிட்டு வீட்டச் சுத்து. எங்க இரைச்சல் பெருசாகுதோ அங்கதான் ஆளு."

அடுத்த வெள்ளி அப்படியே செய்தான். கூடத்தில் ரேடியோ முனகியது. சமையலறையில் உறுமியது. மாடிப்படிக்குக் கீழே ஸ்டோர் கதவை நெருங்கியதும் அலறியது. அது சரளாவின் ஆட்சி. அரிசி, பருப்பு, மைலோ டின். அவன் அதற்குள் போனதே இல்லை. திறந்தான்.

அரிசி வாளிக்குப் பின்னால், சீனர்கள் சாமி மேடையில் வைக்கிற சிவப்பு மின்விளக்கு ஒன்று நடுங்கி நடுங்கி எரிந்தது. அதற்குக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்தது சந்தையில் விற்கிற அற்ப அடாப்டர். பக்கத்தில் வாடாத மல்லிகை, ஒரு கிண்ணம் கச்சான் கடலை, பள்ளிச் சீருடையில் துளசியின் படம்.

வாசல் கேட் சத்தம் கேட்டது. சரளா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அவன் பின்னால் நின்றாள்.

"எத்தன வருஷமா?"

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறு வெள்ளியிலருந்து. நீங்க வேலைக்குப் போன காலத்துல எண்ண வெளக்கு. வீட்டோட ஒக்காந்ததுக்கு அப்புறம் வாசம் காட்டிக்குடுத்துரும்னு இத வாங்கினேன்." சுவிட்சுக்குக் கை நீட்டினாள். "அணைக்கணுமா?"

"வேணாம்."

ரேடியோ அவன் கையில் இரைந்துகொண்டே இருந்தது.

"சரளா... அன்னிக்கு ரோடு ஜாம் இல்ல."

"தெரியும்."

அவன் திரும்பினான்.

"போன்ல பின்னாடி மைக் சோதிக்கிற சத்தம் கேட்டுச்சு" என்றாள். "ஹலோ, ஹலோன்னு."

"ஏன் என்னய ஒரு வார்த்த கேக்கல?"

"நான் கேட்டு என்ன ஆவப்போவுது? அப்பா வந்துக்கிட்டே இருக்காரு, வந்துக்கிட்டே இருக்காருன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தவ நான். அவளும் வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தா. சொல்றதா இருந்தா அவகிட்ட சொல்லுங்க."

சரளா அடுப்படிக்குப் போய்விட்டாள். தர்மா அரிசி வாளியை நகர்த்தி வெறுந்தரையில் உட்கார்ந்தான். படம் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. பார்வையை இரண்டு தரம் எடுத்தான்; மூன்றாம் தரம் எடுக்கவில்லை.

"துளசி" என்றான். "அப்பா வந்துட்டேம்மா."

அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க, வெளியே நன்றாக இருட்டிவிட்டது.