தென்னூர் தண்டர்ஸின் முழுப் பாட்டு

இரண்டு ஸ்பேனரை எடுத்து அருள்நாதன் மட்கார்டில் தாளம் தட்ட ஆரம்பித்தால், முக்கொம்பில் காவிரி ஒரு நிமிஷம் நின்று எந்தப் பக்கம் பிரிவது என்று குழம்பும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். தென்னூர்க் காக்கைகள் மொத்தமாக எழுந்து பறக்கும் என்பதில் மட்டும் கலப்படம் இல்லை.

சைக்கிள் கடைதான் பிழைப்பு. சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வந்தவர்கள் தாளம் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். இவன் டிரம், கிடாரும் பாட்டும் சிநேகிதன் கியாசுதீன். இருவரும் சேர்ந்தால் 'தென்னூர் தண்டர்ஸ்' என்கிற ராக் அண்ட் ரோல் கோஷ்டி. ஊர் வாயில் அது தென்னூர் தண்டம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு விசேஷத்தில் முதல் பாட்டின் நடுவிலேயே முன்வரிசைப் பெரியவர் பரிவோடு கையமர்த்தினார்: "சுருதி சேர்த்தது போறும், கச்சேரியை ஆரம்பிங்கோ."

அருள்நாதனுக்கு இருந்தது ஒரே ஆசை. "ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு முழுசா வாசிக்க விடட்டுங்க. அப்புறம் திட்டட்டும், வாங்கிக்கிறேன்." எங்கே விட்டார்கள்?

முசிறியில் ஒரு கல்யாணம். மேளக்காரர்கள் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. சாயங்கால வரவேற்புக்கு வாசிக்க வேண்டிய தண்டர்ஸ், மத்தியானச் சாப்பாட்டை உத்தேசித்துக் காலையிலேயே வந்திருந்தார்கள். பிடித்து மணவறைப் பக்கம் உட்காரவைத்தாயிற்று. பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நல்ல நேரத்தில் தும்மல் எதுவும் காதில் விழக்கூடாது, விரலை ஆட்டினால் அடிக்கணும், கையைக் காட்டினால் நிறுத்திடணும்.

விரல் ஆடியது. அருள்நாதன் அடித்த அடியில் தாம்பாளத்து அட்சதை தானாகவே துள்ளி மாப்பிள்ளை தலையில் விழுந்தது. கியாசுதீன் "பேபி, பேபி" என்று உருகினான். பெண்ணின் அத்தை செல்லக்கிளி பந்தியிலிருந்து ஒரு பெண்ணைக் கையோடு இழுத்துவந்து, "இவதான் பேபி, என்னான்னு கேளுங்க" என்று நிறுத்தினாள்.

தாலி ஏறியது. அப்பா கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வீரமலை தும்மினார். தூக்கிய கையை அவசரமாக மடக்கி, அப்பா மறுபடி விரலை ஆட்டினார். மறுபடி கை, மறுபடி தும்மல். இப்படியே பாட்டு சரணம் சரணமாக ஓடிக் கடைசி அடியையும் தொட்டுவிட்டது. குச்சிகளைக் கீழே வைத்தபோது அருள்நாதனுக்குக் கண் கலங்கியிருந்தது.

அன்று முதல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதைதான். போன வாரம் அந்த வீரமலையே பஞ்சர் ஒட்ட வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அருள்நாதனுக்குத் தலைகால் புரியவில்லை. "இதோ, இவர் மூக்குக்குத்தாங்க புண்ணியம். அன்னைக்கு இவருக்குச் சளி பிடிக்கலேன்னா, நான் இன்னும் பாதிப் பாட்டுக்காரன்தான்" என்று எல்லோருக்கும் காட்டினான்.

வீரமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சளியுமில்ல ஒண்ணுமில்ல தம்பி. மொதத் தும்மல்தான் தானா வந்துச்சு. மத்ததெல்லாம் பாட்டு நின்னுடக் கூடாதேன்னு நான் போட்டது."

சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்து ஒரு தும்மல் போட்டார்.