பதினாறாம் நாளுக்கு முன்

சோணைமுத்து ஐயா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் சம்மேளனத்தின் துணைத்தலைவர். காலையில் கூரியர் அலுவலகத்தில் மூட்டைகளைப் பிரித்து ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து அழைத்தார். "சோணைமுத்து போயிட்டாராம்ப்பா. ஹார்ட் அட்டாக். பூ மார்க்கெட்லயே, கடை வாசல்ல. நீதானே பக்கத்துல இருக்கே, போய்ப் பாரு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அவரோட ஸ்டாம்ப் கலெக்‌ஷன் என்ன ஆகும்னு வீட்ல ஒரு வார்த்தை கேட்டு வை. வேற யாரும் முந்திடக் கூடாது" என்றார்.

அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அவர் கேட்பதற்கு முன்பே நானும் அந்த ஆல்பங்களைத்தான் நினைத்தேன். ஐயாவின் முகம் அதன் பிறகுதான் வந்தது. அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாது என்று தெரியும். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் மற்றதும் பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாடு முழுவதும் இருக்கும் அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கங்களை ஒன்றாகக் கட்டிய தேசியச் சம்மேளனத்துக்கு ஐயா நெடுங்காலம் பொதுச் செயலாளராக இருந்தார். சம்பளம் கிடையாது. பிழைப்பு, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். விடியும் முன்பே கடைக்கு வந்து, விவசாயிகள் கொண்டுவரும் பூவை ஏலம் விட்டு, வெயில் ஏறும்போது கடையைக் கழுவிவிட்டு, பின்னால் இருந்த சிறிய அறையில் உட்கார்ந்து சம்மேளனத்தை நடத்துவார். அங்கிருந்து போகும் சுற்றறிக்கைகளில் எங்காவது ஈரம் பட்டு மை கலைந்திருக்கும். தபால்தலை சேகரிப்பவர்களுக்கு ஈரத்தைக் கண்டால் ஆகாது. கோயம்புத்தூர்ச் சங்கத்துக்காரர் ஒருவர் போனில் சண்டை போட்டபோது, "சுற்றறிக்கையத்தானண்ணே நனைச்சேன், உங்க ஸ்டாம்பையா நனைச்சேன்? பூக்கடைக்காரன் கை காஞ்சா வீட்ல அடுப்பு எரியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் திருவாதவூர்க்காரன். என் தாத்தா காலம்வரை நாங்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அம்மா மேலூரில் பழைய பேப்பர் கடையில் காகிதம் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். அலுவலகங்களில் கழித்துப் போட்ட உறைகளிலிருந்து தபால்தலையைக் கிழித்து எனக்குக் கொண்டுவருவார். எங்கள் சங்கம் அப்படி வந்தது. பணக்காரப் பொழுதுபோக்கில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்ற வீம்பில் நண்பர்கள் சேர்ந்து தொடங்கினோம். சம்மேளனத்தில் சேர்வதற்காகத்தான் முதன்முதலில் ஐயாவின் கடைக்குப் போனேன்.

"என்ன வேலை பாக்குறீக தம்பி?"

"கூரியர் கம்பெனியிலங்கய்யா."

"நல்லா இருக்கே கதை! கறிக்கடையில வேலை பாத்துக்கிட்டு வீட்ல ஆட்டுக்குட்டி வளக்குறீகளாக்கும்?"

கடையில் பூ மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நிலம் வைத்திருப்பவர்கள் நம்மிடம் சிரித்துப் பேசினால் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அவர் அன்றே எங்கள் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டார். அதிலும் நான் உள்நோக்கம் தேடினேன்.

அன்று இருவரும் சேர்ந்தே வெளியே வந்தோம். பஸ் நிலைய வாசலில் கூடை வைத்திருந்த பூக்கார அம்மாவிடம் நின்று, வீட்டுக்கு மல்லிகைச் சரம் வாங்கினார். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"உங்க கடையில மலை மாதிரி கெடக்கேய்யா?"

"ஏலம் விடுறவன் தன் கடைப் பூவ எடுக்கக் கூடாது தம்பி. ஒரு மொழம் எடுத்தாலும், நல்ல பூவெல்லாம் இவன் வீட்டுக்குத்தேன் போகுதோன்னு வெவசாயிக்குத் தோணிரும். அப்புறம் அவன் கண்ணப் பாத்து வெலை சொல்ல முடியாது."

பூக்கார அம்மா சொன்னார்: "ஏங்கிட்ட மட்டும் பேரம் பேசுவாக. அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல."

இந்தக் காட்சியை நான் மறந்ததில்லை. ஆனால் அது எனக்கு என்ன சொன்னது என்று ஒருமுறையாவது யோசித்திருந்தால், இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஒரு தேசியச் சம்மேளனம் எதில் ஓடுகிறது என்று வெளியில் யாரும் கேட்பதில்லை. சங்கங்கள் கட்டும் ஆண்டுச் சந்தா தபால் செலவுக்கே காணாது. கண்காட்சிகளில் தபால்தலைத் தாள்களை மாட்டிவைக்கும் கண்ணாடிச் சட்டங்களுக்குக் கொஞ்சம் வாடகை வரும். மீதி எல்லாம் ஏலத்தில். சேகரிப்பாளர் ஒருவர் இறந்தால், அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை என்ன செய்வது என்று வீட்டாருக்குத் தெரியாது. சம்மேளனம் அதை உறுப்பினர்களுக்குள் ஏலம் விட்டு, பணத்தைக் குடும்பத்திடம் கொடுத்து, சிறிய கமிஷனை எடுத்துக்கொள்ளும். எங்களைப் போன்ற ஏழைச் சங்கங்களுக்குக் கண்ணாடிச் சட்டங்கள் வாடகையில்லாமல் வந்தது அந்தக் கமிஷனால்தான்.

"சாவு வீட்டுச் சோத்துலதேன் தம்பி நம்ம சம்மேளனம் ஒடம்பு வளக்குது. அதனால திங்கிற வாய்க்கு ஒரு அடக்கம் வேணும்" என்பார் ஐயா. அந்த அடக்கத்தை ஒரு முறையாகவே வைத்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சம்மேளனத்தைச் சேர்ந்த யாரும் அந்த வீட்டில் தபால்தலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

வண்டியூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இறந்தபோது என்னையும் துக்கத்துக்கு அழைத்துப் போனார். எங்களுக்கு முன்பே ஒரு வியாபாரி அங்கே வந்து, தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியாரின் மைத்துனரிடம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். ஐயா அவர் அருகில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, என்ன விசேசம்?"

"சும்மா, துக்கம் விசாரிக்க..."

"துக்கத்துக்கு வந்தவருக்குப் பையி எதுக்கு? மாலை இன்னும் வாடல. எந்திரிங்கண்ணே."

"நீங்க மட்டும் என்னத்துக்கு வந்திருக்கீக?"

"நானும் அதுக்குத்தேன் வருவேன். ஆனா பதினாறு கழிச்சு வருவேன்."

சொன்னபடி பதினாறு கழித்துப் போனார். வாத்தியாரின் மனைவியை எதிரில் உட்காரவைத்து, பக்கம் பக்கமாகக் காட்டி, எது என்ன பெறும் என்று சொன்னார். "எங்ககிட்டத்தேன் குடுக்கணும்னு இல்லம்மா. நாலு பேரக் கேட்டுட்டுக் குடுங்க" என்றார். தன் கூடையில் விழ வேண்டியதை அவரே தட்டிவிடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சென்ற ஆண்டு தேசியக் கண்காட்சியும் பொதுக்குழுவும் மதுரையில் நடந்தன. துணைத்தலைவரின் சேகரிப்பு அங்கே தங்கப் பதக்கம் வாங்கியது. மதுரை வட்டாரத்து அஞ்சல் நிலையங்களின் பழைய முத்திரைகள், கடிதங்களோடும் கார்டுகளோடும். ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். என்னைக் கூப்பிட்டு, "இந்தா பாருங்க தம்பி, உங்க ஊரு" என்று ஒரு கார்டைக் காட்டினார். திருவாதவூர் முத்திரை, வட்டம் கலையாமல். எங்கள் ஊரின் சரித்திரம் சென்னைப் பணக்காரர் ஒருவரின் அலமாரியில் இருக்கிறதே என்று எனக்குக் கொதித்தது. ஐயா நின்ற விதத்தைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை துணைத்தலைவர் என் தோளில் கை போட்டார். ஒரு கோடீஸ்வரர் என் தோளில் கை போட்டது அதுதான் முதல் தடவை. "இத்தனை வருஷமா நாடு முழுக்க ஏலம் நடத்துறாரு. நல்ல சரக்கு யார் கண்ணுல முதல்ல படும்? அவர் ஆல்பத்தை யாராவது பார்த்திருக்கீங்களா? உன்ன மாதிரி இளைஞர்கள்தான் கேக்கணும்" என்றார்.

கேட்டேன். மறுநாள் பொதுக்குழுவில், எல்லாச் சங்கங்களின் பிரதிநிதிகளுக்கும் முன்னால், மைக்கைப் பிடித்துக் கேட்டேன். "செயலாளருடைய ஆல்பத்தை யாரும் பார்த்ததில்லையே, ஏன்? அதில் என்ன இருக்கிறது?" மேடையில் இருந்த பெரியவர்கள் குனிந்து தங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா எழுந்து, "வீட்டுக்கு வாங்க தம்பி. காபி சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்" என்றார். "அப்ப இங்க சொல்ல பதில் இல்லையா?" என்று கத்தினேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

அதே கூட்டத்தில் ஏலம் செயலாளரிடமிருந்து எடுக்கப்பட்டு ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. அதில் துணைத்தலைவரின் மருமகனுக்குப் பங்கு உண்டு என்பது பிறகு தெரிந்தது. நிறுவனத்தின் ஆட்கள் மூன்றாம் நாளே சாவு வீடுகளுக்குப் போகிறார்கள். எங்களுக்குக் கண்ணாடிச் சட்டங்கள் இலவசமாக வருவது நின்றது. பணக்காரர்கள் என் கோபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். வாடகையாக ஒரு கைதட்டல் கொடுத்தார்கள்.

அதன் பிறகும் ஐயா என்னை மாட்டுத்தாவணியில் பார்த்தால் முகம் திருப்ப மாட்டார். "எப்ப வாரீக தம்பி வீட்டுக்கு?" என்பார். "வாரேன்யா" என்பேன். அவர் வீடு ஒத்தக்கடையில். வேலைக்குப் போகவும் வரவும் நான் அன்றாடம் பஸ்ஸில் கடக்கும் இடம். இறங்கியதில்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள்தான் இறங்கினேன். துக்கத்துக்கும் போனேன், துணைத்தலைவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கும் போனேன். அவர் மனைவி பேச்சியம்மாள் உள்அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"கூட்டத்துல கேள்வி கேட்ட தம்பியா நீங்க?"

"ஆமாம்மா."

"வருவாக வருவாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. துட்டி கேக்க வந்தீகளா, ஆல்பம் கேக்க வந்தீகளா?"

நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"பதினாறு ஆகலையே தம்பி. ஊரு வீட்டுக்கெல்லாம் அந்த முறைய வச்சாக. அவக வீட்டுக்கு அது கெடையாதாக்கும்?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆல்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. செயலாளர் ஆனதும் மொத ஏலத்துல தன்னோடதத்தேன் மொதல்ல வச்சாக. ஏலம் விடுறவன் வீட்ல ஸ்டாம்பு இருக்கக் கூடாதுன்னுட்டாக. எனக்குத் தலைக்குப் பூவே வெளியிலதான வாங்கிக் குடுத்தாக? இப்ப இந்த வீட்ல இருக்குற ஸ்டாம்பு இன்சூரன்ஸ் கவர்ல ஒட்டியிருக்கதுதேன். கிழிச்சுத் தரவா?"

"என்ன சேத்து வச்சிருந்தாகம்மா?"

"நம்ம பக்கத்துத் தபாலாபீசு முத்திரை பூராவும். கல்யாணம் ஆன புதுசுல என்னையச் சைக்கிள்ல வச்சுக்கிட்டே ஊரூராப் போயிக் கேட்டு வாங்குவாக. அம்புட்டையும் வாங்குனது உங்க துணைத்தலைவர்தேன். மேடையில இருந்த வயசாளிக எல்லாருக்கும் தெரியும்."

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"மைக்குல நின்னு நான் யோக்கியன்னு சொல்ல நாக்கு கூசுதுன்னாக. அந்தத் தம்பி வீட்டுக்கு வரும், நீயே சொல்லுன்னாக. தெரிஞ்சவுக வாயத் தொறக்கல, சரி. நீங்க ஏன் தம்பி வரல?"

யாரோ காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவது வழக்கமில்லை. அதனால் தப்பித்தேன்.

தெருமுனைக்கு வருவதற்குள் துணைத்தலைவர் அழைத்துவிட்டார். "ஆல்பத்தைப் பத்தி கேட்டியா?"

"கேட்டேன் சார். உங்க வீட்லதான் இருக்காம்."

"அது பழைய விஷயம்ப்பா. அதுக்கப்புறம் சேர்த்ததைத்தானே கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

ஐயாவைப் புனிதராக்கி மாலை போட்டுவிட்டு நகர்வது எனக்கு வசதி. செய்ய மாட்டேன். நாக்கு கூசினாலும் அன்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் மௌனத்துக்கான விலையையும் ஏழைச் சங்கங்கள்தான் கொடுக்கின்றன. சாகும்வரை அவரிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் சங்கங்களுக்கு ஒன்று. அடுத்த பொதுக்குழுவில் ஏலத்தைச் சம்மேளனமே திரும்ப எடுக்க வேண்டும், ஏலம் நடத்துபவர் சொந்தமாகச் சேகரிக்கக் கூடாது, பதினாறு நாள் முறை எழுத்தில் வர வேண்டும் என்று எங்கள் சங்கம் தீர்மானம் கொண்டுவருகிறது. அதே மைக்கில் நின்று, சென்ற ஆண்டு நான் கேட்ட கேள்வி என்ன கேள்வி, கேட்கச் சொன்னவர் யார் என்பதையும் சொல்வேன். வழிமொழிய ஒரு சங்கம் வேண்டும். மேடையில் குனிந்துகொண்டிருந்த பெரியவர்களில் ஒருவராவது இந்த முறை தலை நிமிர வேண்டும்.

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதனால்தான் இன்று எழுதுகிறேன். கண்ணை மூடினால் ஐயா அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் முன்னால்தான் நிற்கிறார். தான் சைக்கிளில் சுற்றிச் சேர்த்த ஊர்களை, வேறொருவர் பெயருக்குக் கீழே, பதக்கத்துக்குக் கீழே, ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். கண்ணாடியில் கை படாமல் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு திரும்பி, யாருக்கு அது சொந்தம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், எனக்கு என் ஊரைக் காட்டுகிறார்.

வீட்டுக்கு வந்தேன் ஐயா. அம்மா சொன்னார்கள்.