க்யூ உள்ள ஒரு நல்ல வார்த்தை

வீட்டுக்குப் பேர் ஒட்டித் தரும் தொழிலில் இறங்குகிறவன் முதலில் காதுக்குப் பஞ்சு வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்களும் கடை வைத்து நாலு பேரிடம் மாட்டிக்கொண்டவர் என்றால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாடும் கேரளாவும் தொடுகிற எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம் என் கடை. கேட் சுவரில் ஒட்டும் ஸ்டீல் எழுத்துகள், இங்கிலீஷில் மட்டும். மொத்த வியாபாரி எல்லா எழுத்தையும் ஒரே எண்ணிக்கையில்தான் அனுப்புவான். ஏ முதலில் தீரும். க்யூ, எக்ஸ், இஸட் மூன்றும் தீரவே தீராது. அதனால்தான் மேஜைமேல் ஒரு தடித்த டிக்‌ஷனரி வைத்திருக்கிறேன். அறிவுக்காக இல்லை, அந்த மூன்றையும் தள்ளிவிட.

இரண்டு அப்பாக்கள்

எல்லைப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தமிழ் வீட்டில் மலையாளப் பெண் வந்தால், வீட்டுப் பேர் இங்கிலீஷில்தான். இரண்டு பக்கத்துக்கும் புரியாது. இரண்டு பக்கமும் சண்டை போடாது.

செந்திலும் ஸ்ரீஜாவும் வந்தார்கள். வியாழக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சு. தமிழ்ப் பேர் வைத்தால் ஸ்ரீஜாவின் அப்பா ராகவன் வாசல் மிதிக்க மாட்டாராம். மலையாளப் பேர் வைத்தால் செந்திலின் அப்பா மருதாசலம் வரமாட்டாராம். ஒருவர் வராவிட்டாலும் பால் காய்ச்சுவதில்லை என்று இந்தப் பெண் சொல்லிவிட்டாள். சரி, இங்கிலீஷ் என்றால் அதற்கும் நிபந்தனை. ராகவனின் ஜோசியர் சொன்னபடி 'ஈ'யில் தொடங்க வேண்டும். மருதாசலத்துக்கு மாரியம்மனுக்காக உள்ளே ஒரு 'எம்' வேண்டும். என் பங்குக்கு ஒரு க்யூ வேண்டும். அதை நான் சொல்லவில்லை.

தேடி வைக்கிறேன், போங்கள் என்றேன். போகும்போது ஸ்ரீஜா திரும்பிச் சொன்னாள்: "அங்கிள், அர்த்தம் நல்லதா இருக்கணும். ஆனா யாருக்கும் தெரியக்கூடாது."

வாளையார் அமைதி

நான் தேடிக்கொண்டிருந்தபோது வாளையாரிலிருந்து ஒருவர் வந்தார். ஹைவே ஓரத்து வீடு. ராத்திரி பகல் லாரி. "பேராவது அமைதியா இருக்கட்டுமுங்க, நீளமா ஒண்ணு சொல்லுங்க" என்றார். டிராங்க்விலிட்டி. சலனமில்லாத அமைதி என்று அர்த்தம். க்யூ ஒன்று கழிந்தது. பெரிய எழுத்தாகவே வாங்கிப் போனார்.

இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டார், கண்ணெல்லாம் சிவப்பு. எழுத்து விழுந்துவிட்டதா என்றேன். "உழுந்திருந்தாத் தேவலீங்க. முன்னெல்லாம் லாரிக்காரன் ஹாரன் மட்டுந்தான் அடிச்சான். இப்ப வண்டிய நிறுத்தி, கதவத் தட்டி, அர்த்தம் கேக்கறானுங்க."

பக்கத்து வீட்டுக் கதவு

கல்பாத்தியில் பிறந்து, எங்கெங்கோ அதிகாரியாக இருந்து, பாலக்காட்டு ஃப்ளாட்டுக்குத் திரும்பிய ஒரு மாமா. அவருக்கு எக்ஸ் வேண்டும். நியூமராலஜி. நான் சொன்ன எதுவும் நீளம் போதவில்லை. கடைசியில் அவரே ஒன்று கொண்டுவந்தார்: எக்ஸ்ட்ராடெரிட்டோரியாலிட்டி. எந்த ஊர்ச் சட்டமும் தொடமுடியாதபடி எல்லைக்கு வெளியே நிற்கிற உரிமையாம். ஃப்ளாட்டுக்கு எதற்கு என்று கேட்டேன். முறைத்தார். நானும் முறைத்தேன். எழுத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

கதவுக்கு மேலே ஒட்டத் தொடங்கினேன். பாதி வார்த்தையில் சுவர் தீர்ந்துவிட்டது. நிறுத்தட்டுமா என்றேன். "நிறுத்தினா அர்த்தமே போயிடும், ஒட்டுங்கோ" என்றார். ஒட்டினேன். கடைசி எழுத்து அடுத்த ஃப்ளாட்டின் காலிங்பெல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கதவைத் திறந்து அந்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டபடி மாமாவின் வாசல்வரை நடந்து போய்த் திரும்பினாள். "உங்காத்துப் பேரு எங்காத்துக் கதவு வரைக்கும் வந்தாச்சு. இனி அதுக்குக் காப்பியும் நான் கொடுக்கணுமாக்கும்?"

கலங்காத வீடு

செந்திலுக்கு வார்த்தை கிடைத்துவிட்டது. ஈக்வனிமிட்டி. எது நடந்தாலும் மனம் கலங்காமை. ஈயில் தொடங்குகிறது, எம் இருக்கிறது, க்யூ இருக்கிறது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

புதன்கிழமை காலையில் கேட் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மருதாசலம் வந்து நின்றார். "ஏனுங்க, இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார். கையெல்லாம் பசை. வெயில் வேறு. யாருக்கும் தெரியக்கூடாது என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது? "யார் வந்தாலும், வராவிட்டாலும் இந்த வீடு கலங்காது என்று அர்த்தம்" என்றேன். அவர் உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் அதே ஸ்கூட்டர் என் கடை வாசலில். பின்சீட்டில் ராகவன், மருதாசலத்தின் தோளைப் பிடித்தபடி. கல்யாணத்தில்கூட ஒரே பந்தியில் உட்காராத ஆட்கள்.

"எந்தா இது? நாங்க வரலைன்னா அவங்களுக்கு ஒண்ணுமில்லையா?" என்றார் ராகவன்.

"அப்பிடிக் கேளுங்க சம்பந்தி! நாம கோவிச்சுக்கிட்டா ஊடே கலங்கோணும். கலங்காதுன்னு சொவத்துல ஒட்டி வெச்சா எப்பிடிங்க? கழட்டுங்க. இல்லீன்னா நாங்க ரெண்டு பேருமே வல்லீங்க."

நாங்களாம்! அந்தச் சந்தோஷத்தில் நானே டீ சொன்னேன். சரி, கழற்றிவிடுகிறேன், அந்த இடத்தில் என்ன பேர் வைப்பது என்று கேட்டேன். "மருதம் இல்லம்" என்றார் இவர். "ஸ்ரீநிலயம்" என்றார் அவர். அவ்வளவுதான். டீ ஆறியது. போகும்போது ஸ்கூட்டரில் ஒருவர்தான். ராகவன் கைகாட்டி நிறுத்தியது பஸ்ஸை. அவர் படியில் கால் வைத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆனா அதை மட்டும் கழட்டணும், கேட்டோ!"

பால் காய்ச்சு

வியாழக்கிழமை விடிந்ததும் சுரண்டும் தகடோடு போனேன். இரண்டு அப்பாக்களும் எனக்கு முன்னாலேயே கேட்டில் நின்றார்கள். யாரும் கூப்பிட்டு வந்தவர்களில்லை. கழற்றியாகிவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். தோளோடு தோள் உரச நின்று சுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தமிழில், ஒருவர் மலையாளத்தில்.

"இத்தனை நீளத்துல ஒரு பேராங்க சம்பந்தி?"

"வாயில நுழையுதா பாருங்க!"

உள்ளே அடுப்பில் பால் ஏறிவிட்டது. செந்தில் வந்து கூப்பிட்டான். திட்டிக்கொண்டே இரண்டு பேரும் சேர்ந்து படியேறி உள்ளே போனார்கள். நான் தகட்டை எடுத்து முதல் எழுத்துக்கு அடியில் வைத்தேன். ஸ்ரீஜா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"கழட்டாதீங்க அங்கிள். அந்தப் பேர் இருக்கற வரைக்கும் ரெண்டு அப்பாவும் அதுகூடத்தான் சண்டை போடுவாங்க."

அந்தச் சுவரில் என் க்யூ இன்னும் நிற்கிறது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் மனம் கலங்காமல் இருப்பது அது ஒன்றுதான்.