கித்தாருக்குத் தாலி தனி

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இருபத்து நான்கு மைல். பேருந்துக் கட்டணம் ஒரு வெள்ளி பத்துக் காசு. காலை ஏழரை மணி வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. வழியில் கடைகளின் முன்னால் காகிதக் கொடிகள் மழையில் நனைந்து, சாயம் போய்த் தொங்கின.

ரப்பர் தோட்டத்தை விட்டு நான் தனியாகப் போன முதல் பயணம் அது. போன காரணத்தைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். என் கணவருக்கு ஒரு கித்தார் செய்யச் சொல்லப் போனேன்.

அவர் எங்கள் தோட்ட நாடகக் குழுவில் கித்தார் வாசித்தவர். அதற்கு முந்தின வருஷம் ரப்பர் ஷீட் அழுத்தும் மிஷினில் மாட்டி, இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கம்பியை அழுத்திப் பிடிப்பது இடது கைதானாம். இனி வலது கையால் அழுத்தி இடது கையால் மீட்டலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். ஆனால் கை மாறினால் கித்தாரும் மாற வேண்டுமாம். அப்படி ஒன்று எந்தக் கடையிலும் இல்லை. மலாக்கா காஜா பெராங்கில் ஒருவர், கேட்கிறபடி செய்து தருவார் என்று கேள்விப்பட்டோம்.

என் கணவர் வர மறுத்துவிட்டார். "முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட போயி இந்தக் கைய நீட்டச் சொல்றியா?" என்றார். அந்த இடது கையைத் துண்டால் மூடியே வைத்திருந்தார். வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. கடைசியில் வலது கையை மட்டும் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்தார். நான் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன். அதையும், கைக்குட்டையில் முடிந்த அறுபத்தைந்து வெள்ளியையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

நடத்துநர் தமிழர். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"டவுன்ல எறங்கி பெச்சா புடிச்சுக்கம்மா. அங்க இருக்கறவங்க பல தலைமொறைக்கு முன்ன வந்த நம்ம ஆளுங்க. நம்ம சாமிதான் கும்புடுவாங்க, நம்ம பேருதான் வெச்சிருப்பாங்க. ஆனா பேசறது மலாய்தான், தமிழ் வராது. பயந்துறாத."

"தமிழ் வராட்டி சாமிக்கு எப்படிச் சொல்லுவாங்க?"

"அது சாமிக்கும் அவங்களுக்கும் உள்ள ஏற்பாடு. நமக்கு எதுக்கு?"

ஒன்பது மணிக்கு மலாக்கா. பெச்சா என்பது மூன்று சக்கர மிதிவண்டி. ஓட்டிய சீனப் பெரியவர் நாற்பது காசு கேட்டார். பேரம் பேசக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம். காஜா பெராங் என்றால் மலாயில் கோபக்கார யானை. யானையைக் காணோம். தென்னை மரங்களும், சிறிய கோயில்களும், பலகை வீடுகளும்தான் இருந்தன.

வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்த ஒரு வீட்டின் முன் வண்டி நின்றது. உள்ளே மரத்தூள் வாசனை. கித்தார் செய்பவரின் பெயர் மாணிக்கம். நெற்றியில் விபூதி. "வணக்கம்ண்ணே" என்றேன். "மாசோ, மாசோ" என்று மலாயில் உள்ளே அழைத்தார். அவர் மனைவி தேவி சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும் அணிந்து வந்தார். முகம் அப்படியே என் நாத்தனார் முகம். வாயைத் திறந்தால் சந்தை மலாய்போல, ஆனால் அதைவிட மென்மையான ஒரு மலாய். முகத்தைப் பார்த்தால் தமிழில் பேச வருகிறது, பதில் வந்தால் வாய் அடைத்துப்போகிறது. எனக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய் மட்டும்.

மாணிக்கம் என்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை போலும். தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் தேடித் தேடி இடையில் சேர்த்தார். "அக்கா" என்றார். "சாமி" என்றார். சுவரிலிருந்த சாமி படத்தைக் காட்டி "பூஜை" என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

செய்தித்தாளை விரித்தேன். என் இடது கையில் இரண்டு விரலை மடக்கிக் காட்டி, கணவருக்கு அவை இல்லை என்று சொன்னேன். மாணிக்கம் தாளில் வரைந்திருந்த கையின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். விலையைச் சொன்னார். புரியவில்லை. சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதினார். நூற்றுப் பத்து வெள்ளி.

தம்பின் கடையில் ஒரு கித்தார் முப்பத்தைந்து வெள்ளிக்குத் தொங்குகிறது. நடுவில் ஓட்டை போட்ட ஒரு மரப்பெட்டிக்கு நூற்றுப் பத்தா? என் முகத்தைப் பார்த்து அவர் விளக்க ஆரம்பித்தார். ஒரு மெல்லிய பலகையைத் தட்டிக் காட்டினார். உடைந்த பியானோவிலிருந்து எடுத்ததாம். பாதி செய்த ஒரு கித்தாரின் வயிற்றுக்குள் என் விரலை விட்டுத் தடவச் சொன்னார். உள்ளே குச்சி குச்சியாக ஒட்டியிருந்தது. கை மாறினால் அவை எல்லாம் மாற வேண்டும் என்று சைகை செய்தார். முகம் பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதுபோல என்று நினைத்துக்கொண்டேன். சரியாகப் புரிந்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

பிறகு அவர் சொன்னார்: "இது மரத்துக்கும் கூலிக்கும். தாலி லாயின்."

லாயின் என்றால் வேறு, தனி. தாலி தனி.

மலாயில் தாலி என்றால் கயிறு என்று எனக்கும் தெரியும். தோட்டத்தில் மாடு கட்டும் கயிற்றை அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் அக்கா, சாமி, பூஜை என்று தமிழாகவே வந்துகொண்டிருந்ததால், இதுவும் எனக்காகச் சொன்ன தமிழ் என்றே காதில் விழுந்தது. கித்தாரில் இருப்பது கம்பி. எங்கள் வீட்டில் அதைக் கயிறு என்று யாரும் சொன்னதில்லை.

"யார் தாலி?" என்று தோட்டத்து மலாயில் கேட்டேன்.

"உங்களுடையதே போதும்" என்றார் அவர் மலாயில், மிக இயல்பாக. "தாலி நல்லதென்றால் குரல் நல்லது."

மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. இவர்கள் வழக்கமோ, வாத்தியத்துக்குச் செய்யும் சடங்கோ என்று யோசித்தேன். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். வீட்டில் துண்டுக்குள் கிடக்கும் கை நினைவுக்கு வந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருமுறை தாலிப் பொன்னை அடகு வைத்து, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டவள்தான் நான். இன்னொரு முறை கட்டிக்கொண்டால் என்ன?

தேவியிடம், "மஞ்சள் ஒரு துண்டு கொடுங்க" என்றேன். புரியவில்லை. "குன்யிட்" என்றேன். அடுப்படியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் நின்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்து முடிச்சைத் தேடினேன்.

தேவி ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் தன் கெபாயாவுக்குள்ளிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினார். "தாலி" என்றார். என்னுடையதைத் தொட்டு, "தாலி" என்றார். நான் மாணிக்கத்தைக் காட்டி, "அவர் கேட்டார்" என்றேன்.

அதற்குப் பிறகு தேவி கணவரைப் பார்த்துப் பேசியது முழுவதும் எனக்குப் புரியவில்லை. பெண்பிள்ளையிடம் கேட்கிற பொருளா அது, உனக்குப் புத்தி எங்கே போனது என்பது மட்டும் புரிந்தது. மாணிக்கம் ஆணியில் மாட்டியிருந்த கம்பிச் சுருளை எடுத்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்.

"தாலி கித்தார், அக்கா. தாலி கித்தார்."

கம்பி! சிலர் தங்கள் கம்பியைத் தாங்களே கொண்டுவருவார்களாம். ஆறு கம்பிக்கு நாலு வெள்ளி.

தேவி தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே நானும் சிரித்தேன்.

நூற்றுப் பத்தில் ஒரு காசும் குறையவில்லை. பாதி முன்பணமாக ஐம்பத்தைந்தும், கம்பிக்கு நாலும் கொடுத்தேன். மீதியைக் கித்தார் முடிவதற்குள் எப்படிச் சேர்ப்பேன் என்று தெரியவில்லை. கிளம்பும்போது தேவி, கழித்துப் போட்ட ஒரு தடித்த கம்பியை அந்த மஞ்சள் கிழங்கில் சுற்றி என் கையில் வைத்தார். "உன் தாலி" என்றார்.

மாலை நாலு மணிக்கு வீடு திரும்பினேன். அங்கே ஒரே சொல்லால் தாலியையும் கம்பியையும் குறிக்கிறார்கள், எங்கள் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். இதில் எது வசதி என்று பேருந்தில் யோசித்து ஒரு முடிவுக்கும் வரவில்லை.

"எவ்வளவு கேட்டான்?" என்றார் கணவர்.

"நூத்திப் பத்து. கம்பி தனி."

"கம்பிக்கு?"

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கம்பி சுற்றிய மஞ்சள் கிழங்கை நீட்டினேன். அவர் கம்பியைப் பிரித்தார். ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் முடிந்தார். மறுமுனையை வலது கையில் சுற்றி இழுத்துப் பிடித்தார். பிறகு இடது கையை மூடியிருந்த துண்டை உதறிவிட்டு, அந்தக் கையால் கம்பியை மெல்ல ஒருமுறை மீட்டினார்.