அக்கா ஆடிய முதல் ஐம்பது டர்ன்

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. நடுவில் வீட்டுக்கு வந்து சமைத்து, துணி உலர்த்தி, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மறுபடியும் சாவியோடு கிளம்புவாள். கம்ப்யூட்டர் என்றாலே அவளுக்கு ஆகாது. கூடத்தில் ஜன்னலை ஒட்டி அத்தான் வைத்திருந்த கம்ப்யூட்டருக்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள். நான் போன் செய்து அத்தானைக் கேட்டால், "சக்களத்தி கூட குடித்தனம் நடத்திட்டிருக்கார், நீயே கூப்பிட்டுப் பாரு" என்பாள்.

அத்தான் ஒரு கிடங்கில் கிரேன் ஓட்டினார். சாமான் பெட்டிகளை உயரத்திலிருந்து பார்த்துப் பார்த்து நகர்த்துகிற வேலை. வேலையில்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஊர்களை அமைத்து நாகரிகம் கட்டும் விளையாட்டு. சும்மா பொழுதுபோக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இணையத்தில் போட்டி நடக்கும். கல்லூரி நூலகர் ஒருவர் அதை நடத்திவந்தார். அந்த வட்டத்தில் அத்தானுக்கு 'இடி' என்று பெயர்.

ஏன் இடி என்றால், அவர் ஆட்டத்தைத் தொடங்கும் விதம் அப்படி. ஆரம்பத்தில் எல்லாருக்கும் கிடைப்பது ஒன்றேதான்: ஊர் அமைக்கப் புறப்பட்ட ஒரு குடியேறிக் கூட்டம், கையில் தடியோடு ஒரு வீரன். சுற்றிலும் இருட்டு. நடக்க நடக்கத்தான் நிலம் தெரியும். இரண்டு பக்கமும் தங்கள் வேலையை முடித்தால் ஒரு டர்ன். இப்படி நூற்றுக்கணக்கான டர்ன் போகும். புதிதாக வருகிறவர்கள் முதல் ஊரை வைத்த கையோடு பெரிய கோபுரம், பெரிய நூலகம் என்று ஆசைப்படுவார்கள். அத்தான் சிரிப்பார். "வீட்டுக்குக் கதவு வைக்கல, அதுக்குள்ள மொட்டைமாடியில பூந்தொட்டி வைக்கிறான் பாரு."

அவர் முதலில் கட்டுவது நிலம் பார்க்க ஒரு சாரணன். அவன் போய் எதிராளியின் ஊர் எங்கே என்று கண்டுபிடித்ததும் வரிசையாக வில்லாளிகள். எதிராளி வயலைச் சீர்படுத்திக்கொண்டிருக்கும்போதே அவன் ஊர் போய்விடும். "முதல் ஐம்பது டர்ன்தான்டா ஆட்டம். மிச்சமெல்லாம் ஊர்வலம்" என்பார் என்னிடம்.

ஒரு வருஷம் கிடங்கில் அவர் இறக்கிய பெட்டி ஒன்று சுவரை உரசியது. ஒரு வாரத்துக்குள் இன்னொன்று. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் கண்ணைச் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை பல வருஷமாகவே கரைந்துகொண்டிருந்திருக்கிறது. வலி கிடையாது, அதனால் தெரியவே இல்லை. டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்: "போனது திரும்ப வராது. இருக்கறத எவ்வளவு நாள் காப்பாத்த முடியும்னு பாக்கலாம்."

கிரேன் வேலை போயிற்று. அத்தான் அழவில்லை, கத்தவில்லை. சக்களத்தி முன்னால் போய் உட்கார்ந்தார். ஆனால் அவருக்கு இப்போது ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோலத் திரையின் நடுப்பகுதி மட்டும்தான் தெரிந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதற்குள் டர்னுக்கான நேரம் முடிந்துவிடும். தோற்றார். தொடர்ந்து தோற்றார். சின்னப் பசங்களிடமெல்லாம் தோற்றார்.

ஒருநாள் மதியம் அக்கா துணிக்கூடையோடு கூடத்தைத் தாண்டும்போது தற்செயலாகத் திரையைப் பார்த்தாள்.

"ஐயையோ, மேல் மூலையில குதிரைக்காரங்க நிக்கிறாங்களே!"

"எந்த மூலை?"

"வலது பக்கம். ரெண்டு பேரு. இல்ல, மூணு."

"நடுவுல ஆறு இருக்கா?"

"நீலமா ஒண்ணு ஓடுது. ஆறுதானே அது?"

அத்தான் ஏதோ செய்தார். குதிரைக்காரர்கள் ஆற்றைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குத் துணி காயவில்லை.

முதலில் பெரும் கூத்து. "பச்சையா இருக்குங்க" என்பாள். "பச்சைன்னா? புல்லா, காடா, கீரையா?" என்பார். மலை எது, மேடு எது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. "உங்க தொப்பை மாதிரி இருந்தா மேடு, உங்க அப்பா மூக்கு மாதிரி இருந்தா மலை, சரியா?" என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஆனால் வேன் ஓட்டுகிறவள் இல்லையா? கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை, இடது பக்கம் ஒரு பார்வை, பிள்ளைகள்மேல் ஒரு பார்வை என்று பழகியவள். வெகு சீக்கிரத்தில் திரையை ஒரே வீச்சில் பார்த்து, தேவையானதை மட்டும் நாலு வார்த்தையில் சொல்லிவிடுவாள். மவுசும் அவள் கைக்கு வந்தது. இடி மறுபடியும் ஜெயிக்க ஆரம்பித்தது.

அந்த மாதங்களில் அவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் 'சாப்பாடு ஆச்சா', 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்பதைத் தாண்டிப் பேசாத இரண்டு பேர், இப்போது ஓயாமல் பேசினார்கள். சாப்பிடும்போதும் அதே பேச்சு. ரசத்தை ஊற்றிக்கொண்டே அக்கா, "அந்தக் குதிரை மேய்ச்சல விட்டது தப்புங்க" என்பாள். அத்தான் கண் மேலும் மேலும் மங்கிக்கொண்டுதான் வந்தது. ஆனால் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

பிறகு அக்காவுக்குச் சொந்தமாகக் கருத்து வர ஆரம்பித்தது. வில்லாளிகளைச் செய்து குவிப்பதைவிட, இன்னொரு குடியேறிக் கூட்டத்தை அனுப்பி நல்ல நிலத்தை முன்கூட்டியே வளைத்துப் போட்டால் என்ன என்பாள். "சண்டைக்குப் போயே ஆகணுமா? அவன் வர்ற வழிய அடைச்சுட்டா போதாதா?" ஒருமுறை போட்டியின் நடுவில் இதைச் சொல்லப்போக, அத்தான் சுள்ளென்று விழுந்தார்.

"நீ என் கண்ணா மட்டும் இருந்தா போதும். மூளை என்கிட்ட இருக்கு."

அக்கா மிச்ச ஆட்டம் முழுக்க, "மேடு. காடு. ஆறு. ரெண்டு வில்லாளி" என்று சொல்லிக்கொண்டு போனாள். அவர்கள் ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அத்தான் தடவித் தடவி அவள் கையைத் தேடிப் பிடித்தார். அது அவருடைய மன்னிப்பு. அக்காவும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். இணையத்தில் இல்லை, ஒரு அரங்கத்தில், ஆட்களுக்கு முன்னால். எதிராளி ஒரு பல் டாக்டர். மோசமான ஆள் இல்லை. ஆனால் அவர் நூலகரிடம் ஒரு கேள்வி எழுப்பினார்: "நான் ஒரு ஆள். எதிர்ல ரெண்டு மூளை உக்காந்தா எப்படி?"

நூலகர் வீட்டுக்கே வந்தார். ரொம்பச் சங்கடப்பட்டார். "சார், உங்களுக்குக் கண்ணா ஒருத்தர் இருக்கறதுல எங்களுக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா அவங்க பாக்கறத மட்டும்தான் சொல்றாங்க, யோசனை சொல்றதில்லன்னு நீங்க உறுதி கொடுக்கணும்."

அத்தான் அக்கா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் யோசனை சொல்வதில்லை என்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் போட்டிக்குப் போயிருக்கலாம்.

"அப்படி உறுதி தர முடியாது" என்றார் அத்தான். "கொஞ்ச நாளா பாதி யோசனை அவளோடதுதான். எது என்னுது, எது அவளுதுன்னு எனக்கே தெரியல."

"அப்போ ஒருத்தர்தான் ஆட முடியும், சார்."

"அவ ஆடட்டும்."

அக்கா மறுத்தாள். நூலகர் போன பிறகு சண்டையே போட்டாள். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? உங்களுக்காகத்தானே உக்காந்தேன்?" அத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. நீ ஆடாவிட்டால் நாம் இரண்டு பேரும் இத்தனை நாள் உட்கார்ந்ததற்கு அர்த்தமே இல்லை என்றார். கடைசியில் அக்கா பெயரே பதிவாயிற்று.

அரங்கத்தில் நானும் அத்தானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் வர்ணனை. உள்ளே யாரும் சத்தம் போடக் கூடாது. அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகில் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவன், எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததைக் கிசுகிசுத்தேன்.

"முதல்ல என்ன செஞ்சா?"

"சாரணன்."

"நல்லது. அப்புறம்? வில்லாளியா?"

"இல்ல அத்தான். குடியேறிங்க."

"காவலுக்கு ஆள் இல்லாமலா அனுப்பறா?"

"ஒரே ஒரு தடிக்காரன் கூடப் போறான்."

அத்தான் பிடி இறுகியது. "போச்சு" என்றார்.

போகவில்லை. பெரிய திரையில் நான் பார்த்தேன். ஏரி ஒரு பக்கம், ஏற முடியாத மலை ஒரு பக்கம். நடுவில் ஒரு ஊர் வைக்கும் அளவுக்குத்தான் இடைவெளி. பல் டாக்டரின் வில்லாளிகள் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். அவர்கள் வந்து சேர்வதற்குச் சில டர்ன் முன்னாலேயே அக்கா அங்கே ஊரை அமைத்தாள். சுவரும் எழுப்பிவிட்டாள். வில்லாளிகள் வந்து, நின்று, அடித்துப் பார்த்து, கரைந்துபோனார்கள். அவளுக்குப் பின்னால் இருந்த நிலம் அத்தனையும் அவளுடையது. ஐம்பதாவது டர்ன் வந்தபோது டாக்டரிடம் இரண்டு ஊர், இவளிடம் ஐந்து. அவர் இன்னும் கொஞ்ச நேரம் போராடிவிட்டு எழுந்து வந்து அக்காவின் கையைக் குலுக்கினார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அத்தானும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும், அது காதில் விழாதவர்போலக் கொஞ்ச நேரம் தட்டினார். நான்தான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

வேனில் திரும்பும்போது அவர் சொன்னார்: "நான் ஆடியிருந்தா அந்த இடத்த விட்டிருப்பேன். நேரா அடிக்கப் போயிருப்பேன். தோத்திருப்பேன்." குரலில் பொறாமை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா இரண்டு நாற்காலி போட்டு வைத்தாள். அத்தான் வந்து உட்காரவில்லை.

"நீயே ஆடு. நான் இருந்தா உனக்கு இடைஞ்சல்."

அவள் தனியாக ஆடிப் பார்த்தாள். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. பிறகு ஒருநாள் உள்ளறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்: "என்னங்க, இங்க தெற்க ஒரு மேடு இருக்கு, கிழக்க ஒரு ஆறு இருக்கு. எதுல ஊர் வைக்கிறது?"

அத்தான் அறை வாசலில் வந்து நின்றார். "தெரியாத மாதிரி கேக்காத" என்றார். "எல்லாத்தையும் தாங்கிடுவேன். அத மட்டும் செய்யாத."

அக்கா ஆடுவதையே விட்டுவிட்டாள். அதற்கும் கோபித்துக்கொண்டார். "எனக்காக நிறுத்தினியா? நான் அவ்வளவு கேவலமாயிட்டேனா?" ஆடினாலும் குற்றம், ஆடாவிட்டாலும் குற்றம். என்னிடம் போனில் சொல்லும்போது அவள் அழுதாள். "ஜெயிச்சது என் தப்பாடா?"

கொஞ்ச நாளில் அத்தானுக்குப் பார்வை அறவே போயிற்று. கோல் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டு, ஒரு டாக்ஸி நிறுவனத்தில் போன் எடுக்கும் வேலைக்குப் போனார். அக்காதான் வேனில் கொண்டுபோய் விடுவாள், கூட்டிவருவாள். மறுபடியும் 'சாப்பாடு ஆச்சா', 'கேஸ் தீர்ந்துபோச்சு'. சக்களத்தி மேல் துணி போர்த்தியாயிற்று. சண்டை கிடையாது. யாரிடமும் போய் முறையிடும்படியாகவும் ஒன்றும் இல்லை.

ஒருநாள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவருடன் போன் எடுக்கும் பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். அவருக்குப் பக்கத்து நாற்காலியாம். அவருடைய டிபன் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும், "நீங்கதான் ஏரிக்கும் மலைக்கும் நடுவுல ஊர் வெச்சவங்களா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"சாப்பாட்டு நேரத்துல தினமும் அந்தப் போட்டியத்தான் கேப்பார், அக்கா. வர்ணனையோட இணையத்துல இருக்குல்ல, அது. எங்களுக்கும் போட்டுக் காட்டுவார். எந்த டர்ன்ல என்ன நடந்துச்சுன்னு எனக்கே மனப்பாடம். 'இந்த இடத்துலதான் பாரு, என் பொண்டாட்டி என்ன பண்றான்னு'னு சொல்லிட்டு, நிறுத்திட்டு எங்க மூஞ்சியையே பாக்கற மாதிரி உக்காந்திருப்பார்."

அந்தப் பெண் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அக்கா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கோபமாகச் சொன்னாள், எதிரில் அவரே உட்கார்ந்திருப்பதுபோல:

"ஊருக்கெல்லாம் சொன்னாரே. எனக்குச் சொல்றதுக்கு மட்டும் வாய் வரலையா இந்த மனுஷனுக்கு?"

அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா அப்போதும் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.